சி நிரலை டெர்மினலில் கம்பைல் செய்து ஓட்டுவது: தொடக்கம் முதல் முழுமையான வழிகாட்டி

தங்கை மகள் பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். கல்லூரி லேபில் நீலத் திரையில் ஏதோ ஒரு விசையை அழுத்தினால் நிரல் ஓடிவிடுகிறது. வீட்டு லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். அங்கே அந்த நீலத் திரை இல்லை. "மாமா, இதுல எப்படி ஓட்டுறது?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். ஒன்றரை மணி நேரம் போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். அவள் தட்டினாள், திரையில் வந்ததைப் படித்துக் காட்டினாள். அந்த உரையாடலைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

போனில் சொன்னது போலவே கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். குறிகளை எழுதியிருப்பது போலவே போடுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லை மட்டும் தமிழிலேயே தட்டலாம். காரணம் கடைசியில் வருகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். கம்பைல் செய்வது ஒரு வேலை, ஓட்டுவது இன்னொரு வேலை. லேபில் ஒரே விசையில் இரண்டும் நடப்பதால், பல மாணவர்கள் அது ஒரே செயல் என்றே நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதுவது மனிதர் படிக்கும் உரை. கம்பைலர் அதைப் படித்து, செயலி புரிந்துகொள்ளும் வேறொரு ஃபைலை உருவாக்கித் தருகிறது. ஓடுவது அந்த இரண்டாவது ஃபைல்தான். இது மனதில் பதிந்துவிட்டால், பின்னால் வரும் குழப்பங்களில் பாதி வரவே வராது.

கம்பைலர் இருக்கிறதா?

உபுண்டுவில் கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டும் ஜன்னல், திறக்கும். இந்த டி, டைகரில் வரும் டி. நாம் பயன்படுத்தப் போகும் கம்பைலரின் பெயர் ஜிசிசி. டெர்மினலில் இப்படித் தட்டி எண்டர் அழுத்துங்கள்:

ஜிசிசி --வெர்ஷன்

வெர்ஷனுக்கு முன்னால் இரண்டு ஹைஃபன், நடுவில் இடைவெளி கிடையாது. பதிப்பு எண் வந்தால் கம்பைலர் இருக்கிறது, அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் நிறுவ வேண்டும்:

சூடோ ஏபிடி அப்டேட்
சூடோ ஏபிடி இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்

சூடோ என்பது நான்கு எழுத்து: எஸ், யு, டாக் (நாய்) என்பதில் வரும் டி, ஓ. ஏபிடியில் வருவது பேப்பரின் பி, டைகரின் டி. கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தட்டுவது திரையில் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. என் தங்கை மகள் கீபோர்டு கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தாள். பயப்படாமல் தட்டி எண்டர் அழுத்துங்கள். பில்ட்-எசென்ஷியல் என்ற இந்த ஒரு தொகுப்பில் ஜிசிசி, தலைப்பு ஃபைல்கள், மேக் கருவி எல்லாமே வந்துவிடும்.

ஜிசிசி என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதி 1987இல் வெளியிட்ட கம்பைலர். அன்று அது சி மொழிக்கு மட்டும்தான். பிறகு பல மொழிகள் சேர்ந்ததால் 1999இல் குனூ கம்பைலர் கலெக்‌ஷன் என்று பெயர் விரிந்தது, மூன்றெழுத்துச் சுருக்கம் அப்படியே நின்றது. யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம், அதன் மூல நிரலைத் திறந்து படிக்கலாம். கைக்காசு குறைவான ஒரு மாணவருக்கு இதைவிடப் பெரிய கொடை எனக்குத் தெரியவில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால் என்று கொடுத்தால், விண்டோஸுக்குள்ளேயே ஒரு உபுண்டு வந்துவிடும். கணினியை ஒருமுறை மூடித் திறந்த பிறகு இந்த வழிகாட்டி அப்படியே பொருந்தும். ஆப்பிள் மேக் கணினியில் எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால். அங்கே ஜிசிசி என்று தட்டினாலும் உண்மையில் ஓடுவது கிளாங் என்ற வேறு கம்பைலர், நம் தேவைக்கு வித்தியாசம் தெரியாது. கணினியே இல்லை, ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறதா? டெர்மக்ஸ் செயலியை நிறுவி, பிகேஜி இன்ஸ்டால் கிளாங் என்று கொடுங்கள். ஜிசிசி என்று நான் சொல்லும் இடத்திலெல்லாம் கிளாங் என்று தட்டினால் போதும். ஆனால் ஃபைலை டெர்மக்ஸின் சொந்த ஃபோல்டரிலேயே வையுங்கள். போனின் பொதுச் சேமிப்பில் வைத்தால் கம்பைல் ஆகும், ஓடாது.

இடம் பார்த்து உட்காருங்கள்

டெர்மினலில் நீங்கள் எப்போதும் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் நிற்கிறீர்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்க பிடபிள்யூடி (பேப்பரின் பி, டாக்கின் டி), சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ். பயிற்சிக்கென்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி உள்ளே போவோம், இரண்டு கட்டளையிலும் டாக்கின் டி:

எம்கேடிஐஆர் லேப்
சிடி லேப்

'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று ஜிசிசி சொன்னால், பத்தில் ஒன்பது முறை நீங்கள் நிற்கும் ஃபோல்டர் வேறு, ஃபைல் இருக்கும் ஃபோல்டர் வேறு. எல்எஸ் கொடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏழு வரி நிரல்

ஃபைலுக்கு மணி என்று பெயர் வைப்போம், எம் ஏ என் ஐ. சின்னப் பெயர், தப்பாமல் தட்டலாம்.

நானோ மணி.சி

பெயரில் இடைவெளி வேண்டாம். கடைசியில் வரும் சி சிறிய எழுத்தாகவே இருக்கட்டும். பெரிய எழுத்துப் போட்டால் ஜிசிசி அதை சி பிளஸ் பிளஸ் நிரல் என்று எடுத்துக்கொள்ளும். திறக்கும் எடிட்டரில் இதைத் தட்டுங்கள்:

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.எச்>

இன்ட் மெயின்(வாய்ட்)
{
    புட்ஸ்("வணக்கம்");
    ரிட்டர்ன் 0;
}

முதல் வரியில்தான் நாங்கள் கால்மணி நேரம் நின்றோம். ஸ்டாண்டர்ட், இன்புட், அவுட்புட் என்பதன் சுருக்கம் அது. எழுத்துகள்: எஸ், டைகரின் டி, டாக்கின் டி, ஐ, ஓ. நடுவில் யு கிடையாது. அவள் ஸ்டுடியோ என்று தட்டிவிட்டு, "மாமா, ஸ்டுடியோ டாட் எச் இல்லைன்னு சொல்லுது" என்றாள். இந்தத் தவறைச் செய்யாத மாணவரை நான் பார்த்ததில்லை. தேடிய ஃபைல் இல்லை என்றதும் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும், மற்ற வரிகளைப் பார்க்காது.

புட்ஸ் என்பதில் பேப்பரின் பி, யு, டைகரின் டி, எஸ். கொடுத்த சொல்லைத் திரையில் காட்டி, தானாகவே அடுத்த வரிக்கும் போய்விடும். ரிட்டர்ன் 0 என்பது 'வேலை ஒழுங்காக முடிந்தது' என்று இயங்குதளத்துக்கு நிரல் சொல்லிவிட்டுப் போகும் செய்தி.

கண்ட்ரோலோடு ஓ அழுத்தி, எண்டர் தட்டினால் ஃபைல் சேமிக்கப்படும். கண்ட்ரோலோடு எக்ஸ் அழுத்தினால் வெளியே வரலாம்.

கம்பைல் செய்யும் கட்டளை

ஜிசிசி -டபிள்யூஆல் -டபிள்யூஎக்ஸ்ட்ரா மணி.சி -ஓ மணி

டபிள்யூ இரண்டு இடத்திலும் பெரிய எழுத்து. முதலாவதை அடுத்து ஏ எல் எல், இரண்டாவதை அடுத்து எக்ஸ்ட்ரா, எல்லாம் ஒட்டி. இவை எச்சரிக்கைகளைத் திறந்துவிடும் விசைகள். கம்பைல் ஆவதற்கு இவை தேவையே இல்லை. இருந்தாலும் முதல் நாளிலிருந்தே கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒரு உதாரணம் போதும். ஸ்கேன்எஃப் கொண்டு எண் வாங்கும்போது மாறிக்கு (வேரியபிள்) முன்னால் & குறி போட மறந்தால், அது இலக்கணப் பிழை அல்ல. சும்மா ஜிசிசி என்று கொடுத்தாலும் இப்போதைய உபுண்டு இந்த ஒன்றைச் சுட்டிக்காட்டும், ஆனால் எல்லாக் கணினியிலும், எல்லாப் பிழைக்கும் அப்படி நடக்காது. மதிப்பே வைக்காத மாறியைப் பயன்படுத்துவது, ஒப்பிட == போடவேண்டிய இடத்தில் ஒற்றை = போடுவது போன்றவற்றை இந்த விசை இல்லாமல் கம்பைலர் பேசாமல் விட்டுவிடும். நீங்கள் இரவு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

-ஓ என்பது வெளியீட்டின் பெயரைச் சொல்கிறது. எழுத்து ஓ, பூஜ்யம் அல்ல. அதை அடுத்து வரும் சொல்தான் உருவாகப் போகும் ஃபைலின் பெயர். இதை விட்டுவிட்டால் ஏ.அவுட் என்ற பெயரில் உருவாகும். அசெம்பிளர் அவுட்புட் என்பதன் சுருக்கம் அது. பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்த காலத்துப் பெயர், உள்ளே இருக்கும் அமைப்பு முற்றிலும் மாறிய பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை.

இங்கே ஒரு ஆபத்து உண்டு. -ஓ அடுத்து அவசரத்தில் மணி.சி என்று கொடுத்துவிடாதீர்கள். வெளியீட்டை உங்கள் நிரலின் மேலேயே எழுதச் சொல்கிறீர்கள் என்று பொருள். ஒரே பெயர் இரண்டு பக்கமும் இருந்தால் புதிய பதிப்புகள் தடுத்துவிடும், ஆனால் பெயர்கள் இடம் மாறிப் போனால் தடுக்கும் என்று நம்ப முடியாது. நான் மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு இரவு உழைப்பை இழந்திருக்கிறேன். மூல ஃபைலை முதலில், -ஓவும் பெயரும் கடைசியில் என்று ஒரே வரிசையைக் கைக்குப் பழக்குங்கள்.

எண்டர் அழுத்தியதும் திரையில் எதுவும் வரவில்லையா? அதுதான் வெற்றி. "ஒண்ணுமே ஆகலை மாமா" என்றாள். எல்எஸ் கொடுக்கச் சொன்னேன். மணி.சி பக்கத்தில் மணி என்று புதிதாக ஒரு ஃபைல் இருந்தது.

ஓட்டுவது

./மணி

புள்ளி, சாய்கோடு, பெயர். வணக்கம் என்று வரும்.

ஏன் வெறும் மணி என்று தட்டினால் போதாது? கட்டளையைத் தேட டெர்மினலிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, அதற்குப் பெயர் பாத். அந்தப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும்தான் அது தேடும். நீங்கள் நிற்கும் ஃபோல்டர் அதில் இருக்காது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் எல்எஸ் என்ற பெயரில் கெட்ட நிரலை உங்கள் ஃபோல்டரில் போட்டுவைத்தால், நீங்கள் அறியாமல் அதை ஓட்டிவிடக் கூடாது அல்லவா? புள்ளி என்றால் 'இந்த ஃபோல்டர்'. 'இங்கே இருக்கும் மணியை ஓட்டு' என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்கிறீர்கள்.

இதை ஒட்டி இன்னொன்று. நிரலுக்கு டெஸ்ட் என்று பெயர் வைக்காதீர்கள். அந்தப் பெயரில் டெர்மினலுக்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது. ./ போட மறந்தால் அது சத்தமில்லாமல் ஓடி முடிந்துவிடும், உங்கள் நிரல் எதையும் காட்டவில்லை என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

ஓட்டிய உடனே எக்கோ $? என்று கொடுத்துப் பாருங்கள். 0 என்று வரும், நாம் ரிட்டர்ன் செய்த அதே 0. வரியை ரிட்டர்ன் 5 என்று மாற்றி, சேமித்து, ஓட்டிப் பாருங்கள். இன்னும் 0தான் வருகிறதா? அப்படியானால் கம்பைல் செய்ய மறந்துவிட்டீர்கள், பழைய மணிதான் ஓடுகிறது. உரையை மாற்றினால் ஓடும் ஃபைல் தானாக மாறாது. இதைத் தவிர்க்க இரண்டையும் ஒரே வரியில் கோக்கலாம்:

ஜிசிசி -டபிள்யூஆல் -டபிள்யூஎக்ஸ்ட்ரா மணி.சி -ஓ மணி && ./மணி

கம்பைல் வெற்றி பெற்றால் மட்டும் ஓட்டு என்று பொருள். ஒவ்வொரு முறையும் முழுக்கத் தட்ட வேண்டாம், மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை திரும்ப வரும். நிரல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் கண்ட்ரோலோடு சி.

பிழைச் செய்தியைப் படிப்பது

ஐந்தாவது வரியின் கடைசியில் இருக்கும் ; குறியை வேண்டுமென்றே நீக்கிவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். செய்தி மணி.சி:5: என்று தொடங்கும். ஃபைல் பெயர், வரி எண், அடுத்து அந்த வரியில் எத்தனையாவது இடம். பிறகு எரர் என்ற சொல், அதை அடுத்து 'ரிட்டர்னுக்கு முன்னால் ; எதிர்பார்த்தேன்' என்ற பொருளில் ஒரு வாக்கியம். பழைய பதிப்புகள் இதே பிழைக்கு ஆறாவது வரியைக் காட்டும். ரிட்டர்னைப் பார்த்த பிறகுதான் ஏதோ விட்டுப்போனது கம்பைலருக்குத் தெரியவருகிறது. அதனால் காட்டிய வரி சரியாக இருந்தால், அதற்கு மேல்வரியையும் பாருங்கள்.

நாற்பது பிழை வந்தாலும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதற்குக் கீழே உள்ள வரிகளெல்லாம் தவறாகத் தெரியும், முதலாவது சரியானதும் பாதி காணாமல் போய்விடும். திரை மேலே ஓடிவிட்டால் உருட்டி முதல் செய்திக்குப் போங்கள். கடைசிச் செய்தியிலிருந்து தொடங்குவதுதான் புதியவர்கள் தடுமாறும் இடம்.

நண்பர் போனில் அனுப்பிய நிரலை ஒட்டினால் 'ஸ்ட்ரே' என்ற சொல்லும் \342, \200, \234 போன்ற எண்களும் வரலாம். வழியில் எங்கோ நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கம்பைலருக்கு அது தெரியாத எழுத்து. அந்தக் குறிகளை அழித்துவிட்டு நீங்களே தட்டுங்கள்.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்பது வேறு வகை. உங்கள் நிரலில் இலக்கணப் பிழை இல்லை, நீங்கள் அழைத்த செயற்கூறு (ஃபங்ஷன்) எங்கே இருக்கிறது என்று கடைசியில் இணைக்கும் கருவிக்குத் தெரியவில்லை. வர்க்கமூலம் காணும் செயற்கூறைப் பயன்படுத்தினால் லினக்ஸில் இது வரும். கணிதத் தொகுப்பைச் சேர்க்க, கட்டளையின் கடைசியில் -எல்எம் போடுங்கள். சிறிய எல், சிறிய எம். முன்னால் போட்டால் வேலை செய்யாமல் போகலாம், ஏனென்றால் இணைப்பான் இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போகிறது.

'செக்மென்டேஷன் ஃபால்ட்' கம்பைலர் சொல்வதல்ல. ஓடும்போது நிரல் தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டுவிட்டது, இயங்குதளம் நிறுத்திவிட்டது. அப்போது கட்டளையில் -ஜி -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் சேர்த்துக் கம்பைல் செய்து ஓட்டினால், எந்த வரியில் மீறல் நடந்தது என்று பெரும்பாலும் நேராகவே காட்டிக்கொடுக்கும்.

லேப் நோட்டில் இருக்கும் நிரல் ஓடவில்லையா?

நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் டர்போ சி பழக்கம் நீண்ட காலமாக இருந்துவருகிறது. 1987இல் போர்லாண்ட் நிறுவனம் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் கணினிகளுக்காக வெளியிட்ட கருவி அது, தன் காலத்தில் அருமையான கருவி. அதற்காக எழுதிய நிரலில் கோனியோ.எச், கிளியர் ஸ்கிரீன், கெட்ச் என்றெல்லாம் இருக்கும். இவை டாஸ் உலகத்துக்கு உரியவை, சி மொழியின் தரத்தில் கிடையாது. அந்த மூன்றையும் நீக்கிவிடுங்கள். கெட்ச் என்பது ஜன்னல் மூடிவிடாமல் நிறுத்திப் பிடிக்கத்தான், டெர்மினலில் வெளியீடு எங்கும் போகாது. வாய்ட் மெயின் என்று இருந்தால் இன்ட் மெயின் என்று மாற்றுங்கள். அப்புறம், டர்போ சியில் இன்ட் என்பது 2 பைட், 32767ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். இங்கே அது 4 பைட். நோட்டில் எழுதிய விடையும் திரையில் வரும் விடையும் வேறுபட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

உள்ளே எட்டிப் பார்க்க

ஒரு கட்டளை என்றாலும் ஜிசிசி உள்ளே நான்கு கட்டமாக வேலை செய்கிறது. ஒவ்வொன்றிலும் நிறுத்திப் பார்க்கலாம். கல்லூரி நீலத் திரையில் இதை ஒருபோதும் பார்த்திருக்க மாட்டீர்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஜிசிசி -ஈ மணி.சி -ஓ மணி.ஐ என்று கொடுங்கள், ஈ பெரிய எழுத்து. பிறகு டபிள்யூசி -எல் மணி.ஐ என்று வரிகளை எண்ணுங்கள். ஏழு வரி பல நூறு வரியாகியிருக்கும். # வரியை எடுத்துவிட்டு அந்தத் தலைப்பு ஃபைலையே உள்ளே கொட்டியிருக்கிறது. கடைசிக்குப் போனால் உங்கள் சில வரிகள் பத்திரமாக இருக்கும்.

அடுத்து ஜிசிசி -எஸ் மணி.சி, எஸ் பெரிய எழுத்து. மணி.எஸ் என்ற ஃபைல் கிடைக்கும், செயலிக்கான கட்டளைகள் எழுத்து வடிவில். இதையே சிறிய சி போட்டுக் கொடுத்தால் மணி.ஓ. அது முழுக்க இயந்திர மொழி, ஆனால் புட்ஸ் எங்கே இருக்கிறது என்பது இன்னும் நிரப்பப்படாத நிலை. கடைசிக் கட்டம்தான் சி நூலகத்தோடு இணைத்து, ஓடக்கூடிய மணியைத் தருகிறது.

மணி.எஸ் ஃபைலை நானோவில் திறந்து புட்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள், நடுவில் அப்படியே இருக்கும். வணக்கம் என்ற சொல் மட்டும் தெரியாது. அதற்குப் பதில் ஒரு மேற்கோளுக்குள் சாய்கோடும் எண்களுமாக ஒரு நீண்ட வரிசை இருக்கும். எண்ணுங்கள், 21 வரும். நம் கணக்கில் வணக்கம் ஐந்தெழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் புள்ளிகள் தனி. வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், ஏழு மூன்று இருபத்தொன்று. மேற்கோளுக்குள் இருப்பதற்கு என்ன பொருள் என்று சி கேட்பதே இல்லை, பைட்டுகளை வாங்கி அப்படியே கொண்டுபோய்த் திரையில் சேர்க்கிறது. தமிழில் தட்டலாம் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான். சில டெர்மினல்களில் புள்ளி கொஞ்சம் விலகித் தெரியலாம். அது டெர்மினல் எழுத்தை வரையும் விதம், நிரல் சரியாகத்தான் இருக்கிறது.

அந்த வரிசையின் முதல் மூன்று எண்கள் \340\256\265. அதுதான் வ.